1988 யெல்லோஸ்டோன் தீக்குப் பிறகு பைன் காட்டின் கார்பன் எங்கே போயிற்று?

தளிர்நிலம் (கேள்வி)

வணக்கம். சூழலியல் முதுகலை வகுப்பின் கருத்தரங்குக்காகக் காட்டுத்தீக்கும் கார்பன் சுழற்சிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பொதுப்படப் பேசிக்கொண்டு போவதைவிட நன்றாக ஆராயப்பட்ட ஓர் இடத்தை எடுத்துக்கொள்வது நல்லது என்று எங்கள் பேராசிரியர் அறிவுறுத்தியதால், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவைத் தேர்ந்தெடுத்தேன். 1988-ஆம் ஆண்டுக் கோடையில் அங்கே மூண்ட தீ, பூங்காவின் பரப்பில் ஏறத்தாழ 36 விழுக்காட்டில், அதாவது சுமார் 3.2 லட்சம் ஹெக்டேரில் பரவியது. பலத்த காற்று வீசிய ஆகஸ்ட் 20 அன்று மட்டும் 60,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. பல்லாயிரம் தீயணைப்பு வீரர்கள் பாடுபட்டும் அடங்காத அந்தத் தீயைச் செப்டம்பர் 11-ஆம் நாள் பெய்த பனிதான் தணித்தது. எரிந்த காட்டின் பெரும்பகுதி லாட்ஜ்போல் பைன் மரங்களால் ஆனது.

நான் படித்தவற்றில் இரண்டு விதமான கூற்றுகள் எதிரெதிராக நிற்கின்றன. காடு நூற்றாண்டுகளாகச் சேர்த்து வைத்த கார்பனை ஒரே பருவத்தில் தீ காற்றில் கலந்துவிட்டது என்கிறது ஒன்று. காடு மறுபடியும் வளர்ந்து அதே கார்பனை உறிஞ்சிக்கொள்ளும், ஆகவே கணக்கு நேராகிவிடும், கவலைப்பட ஒன்றுமில்லை என்கிறது மற்றொன்று. இரண்டையும் ஒரே கட்டுரையில் எப்படிப் பொருத்துவது என்று தெரியவில்லை. எரிந்த நாட்களில் உண்மையில் எவ்வளவு கார்பன் வெளியேறுகிறது? இறந்தும் எரியாமல் நிற்கும் மரங்களின் கார்பன் என்னவாகிறது? மண்ணுக்குள் இருக்கும் கார்பனைத் தீ தொடுகிறதா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

ஊசியிலை (மறுமொழி)

வணக்கம். நீங்கள் குறிப்பிட்ட இரண்டு கூற்றுகளிலும் காலம் என்ற அளவு விடுபட்டிருக்கிறது. தீயினால் காட்டின் கார்பன் இருப்பு எப்படி மாறுகிறது என்பதை எரிந்த வாரத்தில் பார்த்தால் ஒரு விடை கிடைக்கும். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால் வேறொரு விடை கிடைக்கும். இருநூறு ஆண்டு கழித்துப் பார்த்தால் மூன்றாவது விடை கிடைக்கும். எனவே எரிந்த நாளிலிருந்தே தொடங்குகிறேன்.

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கார்பன். ஒரு கிலோ கார்பன் முழுதாக எரிந்தால் 3.67 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். இந்தப் பெருக்கலைக் காட்டின் மொத்த எடையின் மீது போட்டு மிகப் பெரிய எண்களைச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் உயிருள்ள ஒரு பைன் மரம் காட்டுத்தீயில் முழுதாக எரிவது மிக அரிது. உச்சியைப் பற்றிக்கொண்டு ஓடும் தீ ஓரிடத்தில் நிற்கும் நேரம் மிகக் குறைவு. அந்த நேரத்துக்குள் ஊசியிலைகளும், மெல்லிய சுள்ளிகளும், தரையில் கிடக்கும் சருகும் எரிந்து தீர்ந்துவிடுகின்றன. தண்டின் மரக்கட்டை ஈரம் நிறைந்தது. அதன் பட்டை கருகும், பட்டைக்கு அடியில் இருக்கும் உயிருள்ள திசு வெந்து சாகும், மரம் இறந்துபோகும், ஆனால் கட்டை அப்படியே நிற்கும். 1988 தீக்குப் பின் எடுத்த படங்களில் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை கறுத்த கம்பங்களாக நிற்பவை அந்த மரங்கள்தாம். தரைக்கு மேலிருந்த கார்பனின் பெரும்பங்கு அந்தக் கம்பங்களுக்குள்ளேயே இருந்தது.

தீக்கு முன்பே விழுந்து உலர்ந்து கிடந்த கட்டைகளாவது முழுதாக எரிந்திருக்கும் என்று நாம் நினைப்போம். வயோமிங் பல்கலைக்கழகத்தின் டேனியல் டிங்கரும் டென்னிஸ் நைட்டும் அதை அளந்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். தரையில் கிடந்த பெரிய கட்டைகளில் சராசரியாக 8 விழுக்காடு மட்டுமே எரிந்து தீர்ந்தது. இன்னொரு 8 விழுக்காடு கரியாக மாறியது. எஞ்சியவை கட்டையாகவே கிடந்தன. இந்த ஒரு கண்டுபிடிப்பை உங்கள் கட்டுரையில் கட்டாயம் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கடும் தீ என்றாலே எல்லாம் சாம்பல் என்ற எண்ணம் வகுப்பறைகளில்கூட ஆழப் பதிந்திருக்கிறது.

ஆகவே தீயின் முதல் வேலை, உயிருள்ள மரங்களில் இருந்த கார்பனை இறந்த மரங்களின் கணக்குக்கு மாற்றுவது. இதன் விளைவு அடுத்த நாளிலிருந்து தொடங்குகிறது. இலைகள் இல்லாததால் ஒளிச்சேர்க்கை நின்றுபோகிறது. காட்டின் கார்பன் வரவு அற்றுவிடுகிறது. ஆனால் செலவு நிற்பதில்லை. இறந்த வேர்களும் சுள்ளிகளும் கட்டைகளும் நுண்ணுயிர்களாலும் பூஞ்சைகளாலும் மட்கத் தொடங்கி, கார்பன் டை ஆக்சைடைத் தொடர்ந்து வெளிவிடுகின்றன. இதனால் தீ அணைந்த பிறகும் தொடக்க ஆண்டுகளில் காடு கார்பனை வெளியிடும் இடமாகவே இருக்கிறது. எரிந்த நாட்களில் வெளியேறியதைவிட, அடுத்து வரும் பத்தாண்டுகளில் மட்குதலால் ஓசையின்றி வெளியேறுவது மிகுதியாக இருக்கக்கூடும்.

யெல்லோஸ்டோனில் இந்த மட்குதல் மிகவும் மெதுவாக நடக்கிறது. நின்றுகொண்டிருக்கும் இறந்த மரத்துக்கு மண்ணின் ஈரம் எட்டாது. வறண்ட காற்றில் அது பல ஆண்டுகள் கெடாமல் நிற்கும். விழுந்த பிறகுதான் பூஞ்சைகள் அதை முழுமையாகப் பற்றுகின்றன. அப்போதும் ஆண்டின் பாதி பனியில் உறைந்து கிடக்கும் அந்த மேட்டுநிலத்தில் ஒரு கட்டை மட்கி மறைய பல தலைமுறைகள் ஆகும். இந்தத் தாமதம் காட்டுக்குப் பெரிய உதவி. பழைய கார்பன் மெல்ல வெளியேறிக்கொண்டிருக்கும்போதே புதிய மரங்கள் அதைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கிவிடுகின்றன.

அந்தப் புதிய மரங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் லாட்ஜ்போல் பைனின் சிறப்பு இருக்கிறது. இதன் கூம்புகளில் ஒரு பகுதி பிசினால் இறுக மூடப்பட்டு, விதைகளை உள்ளே வைத்துக்கொண்டு மரத்திலேயே பல ஆண்டுகள் காத்திருக்கும். ஏறத்தாழ 45 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும்போது பிசின் உருகி, செதில்கள் விரிந்து, தீ கடந்து சென்ற சாம்பல் தரையின் மீது விதைகள் கொட்டும். போட்டியிடும் நிழல் மரங்கள் எதுவும் இல்லாத வெட்டவெளியில் அவை முளைக்கின்றன. எல்லா மரங்களுக்கும் இத்தகைய கூம்புகள் இருப்பதில்லை. உயரமான பகுதிகளில் அவை குறைவு. அதனால் 1988-க்குப் பிறகு சில இடங்களில் ஒரு கன்றும் முளைக்கவில்லை, வேறு சில இடங்களில் ஹெக்டேருக்கு 5 லட்சத்துக்கு மேல் முளைத்தன. சூழலியலாளர் மோனிகா டர்னரும் அவருடைய குழுவினரும் தீக்குப் பின் 11 ஆண்டுகள் கழித்து அளந்தபோது, தரைக்கு மேல் ஓராண்டில் உருவாகும் தாவர எடை ஹெக்டேருக்கு 0.04 டன் முதல் 15 டன் வரை வேறுபட்டது. ஒரே தீ, ஒரே பூங்கா, ஒரே மர இனம்; ஆனால் கார்பனைத் திரும்பப் பெறும் வேகத்தில் நூறு மடங்குக்கு மேல் வேறுபாடு. சராசரி ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போவது ஏன் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நீண்ட கால விடைக்கு, டேனியல் கேஷியனும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்வைப் பாருங்கள். வெவ்வேறு காலங்களில் எரிந்து வெவ்வேறு வயதில் இருக்கும் லாட்ஜ்போல் காடுகளை 300 ஆண்டு வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் உயிருள்ள மரம், இறந்த மரம், தரைச் சருகு, மண் ஆகியவற்றின் கார்பனை அளந்தார்கள். தீக்கு முன்பிருந்த இருப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு 50 ஆண்டுகளிலும், 90 விழுக்காடு 100 ஆண்டுகளிலும் மீண்டுவிடுகிறது என்பது அவர்களின் மதிப்பீடு. அங்கே ஓரிடத்தில் கடும் தீ திரும்பி வருவதற்கு வழக்கமாக 100 முதல் 300 ஆண்டுகள் ஆகும். மீள்வதற்குத் தேவையான காலத்தைவிடத் தீகளுக்கு இடைப்பட்ட காலம் நீளமாக இருந்ததால்தான் அந்த நிலப்பரப்பின் மொத்தக் கார்பன் நீண்ட காலமாக நிலையாக இருந்து வந்திருக்கிறது.

மண்ணடுக்கு (மறுமொழி)

மண்ணைப் பற்றிய கேள்விக்கு மட்டும் நான் விடை சொல்கிறேன். ஊசியிலை அவர்களின் விளக்கத்தில் அதற்கு இடமிருக்கவில்லை.

பைன் காட்டின் தரையை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேலே இருப்பது விழுந்த ஊசியிலைகளும், அவை பாதி மட்கிய அடுக்கும். அதற்குக் கீழே பாறை சிதைந்து உருவான கனிம மண். பைன் ஊசியில் பிசினும், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளும் மிகுதி. அது எளிதில் மட்காது. குளிரும் வறட்சியும் சேர்ந்தால் இந்த மேலடுக்கு ஆண்டுதோறும் தடித்துக்கொண்டே போகும். தீ வரும்போது முதலில் பறிபோவது இந்த அடுக்குதான். அது சுவாலையாக எரிந்தால் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். புகைந்து கனன்றுகொண்டே இருந்தால் கார்பன் மோனாக்சைடும் மீத்தேனும் கூடுதலாக வெளியேறும். சுவாலை சில நிமிடங்களில் கடந்துவிடும். கனல் பல மணி நேரமும் சில இடங்களில் பல நாட்களும் நீடித்து, மரத்தின் அடிவேர்களை வேகவைத்துவிடும்.

கனிம மண் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது. உலர்ந்த மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஈர மண்ணில் நீர் ஆவியாகித் தீரும்வரை வெப்பநிலை 100 பாகையைத் தாண்டாது. எனவே மேற்பரப்பில் பல நூறு பாகை வெப்பம் இருந்தாலும் சில சென்டிமீட்டர் ஆழத்தில் மண் அவ்வளவாகச் சூடேறுவதில்லை. பெரிய கட்டை ஒன்று விழுந்து நாள் முழுதும் கனன்ற இடத்துக்கு அடியில் மட்டும் ஆழம்வரை மட்கு எரிந்து, மண் செந்நிறமாக மாறியிருக்கும். நிலப்பரப்பு முழுவதையும் பார்த்தால் அத்தகைய திட்டுகள் சிறியவையே.

தீக்குப் பின் மண்ணிலிருந்து வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அளந்தால் அது பெரும்பாலும் குறைந்திருக்கும். இதை மட்டும் வைத்துக் காடு கார்பனைச் சேமிக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். மண்ணின் சுவாசத்தில் கணிசமான பங்கு உயிருள்ள வேர்களுடையது. வேர்கள் இறந்ததால் அந்தப் பங்கு நின்றுபோகிறதே தவிர, மட்குதல் நிற்பதில்லை.

கார்பனோடு சேர்த்து நைட்ரஜனையும் கவனியுங்கள். ஏறத்தாழ 200 பாகைக்கு மேல் சூடேறும்போது சருகில் இருக்கும் நைட்ரஜன் வாயுவாக வெளியேறத் தொடங்குகிறது. அது இல்லாமல் புதிய கன்றுகள் வளர முடியாது. வளராமல் கார்பன் திரும்ப வராது. யெல்லோஸ்டோனின் பெரும்பகுதி ரயோலைட் என்ற எரிமலைப் பாறையிலிருந்து உருவான, சத்துக் குறைந்த மண். ஆனாலும் கடும் தீக்குப் பிறகு மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை வேகமாக உறிஞ்சித் தம் உடலில் வைத்துக்கொண்டதால், எஞ்சிய நைட்ரஜன் நீரோடு அடித்துச் செல்லப்படாமல் நின்றது என்று டர்னர் குழுவினர் 2000-ஆம் ஆண்டுத் தீயை ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இந்த உயிர்கள் செய்யும் வேலையைக் கட்டுரையில் ஒரு பத்தியாவது எழுதுங்கள். அவை இல்லாவிட்டால் மேலே சொன்ன 80 விழுக்காட்டுக் கணக்கு நிறைவேறுவது கடினமாக இருந்திருக்கலாம்.

கடைசியாக, கரி. போதிய ஆக்சிஜன் இல்லாமல் சூடேறும் மரம் கரியாகிறது. கார்பன் வளையங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் அதன் அமைப்பை நுண்ணுயிர்கள் எளிதில் உடைக்க முடியாது. சருகு சில ஆண்டுகளிலும் கட்டை பல பத்தாண்டுகளிலும் மட்கும் இடத்தில், கரி நூற்றாண்டுகளும் அதற்கு மேலும் நிலைத்திருக்கும். யெல்லோஸ்டோனின் சிக்னட் ஏரிப் படிவில் இருந்த கரித்துகள்களை அடுக்கடுக்காக எண்ணித்தான் 17,000 ஆண்டுத் தீ வரலாற்றை ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒவ்வொரு தீயும் சுழற்சியிலிருந்து சிறிதளவு கார்பனை எடுத்து நீண்ட காலத்துக்கு ஒதுக்கிவைக்கிறது என்பது உண்மை. இதைத் தீயின் நன்மையாக மிகைப்படுத்துவதும் தவறு. சுவீடனின் வடபகுதிக் காடுகளில் பத்தாண்டுகள் நடத்திய சோதனை ஒன்றில், கரியோடு கலந்து வைத்த மட்கு, தனியாக வைத்ததைவிட வேகமாகக் குறைந்தது என்று 2008-இல் வெளியிட்டார்கள். கரி தான் நிலைத்திருந்தாலும் தன் அருகில் இருக்கும் மட்கைக் கரையச் செய்யலாம். ஆகவே கரியை வரவில் எழுதும்போது இந்தச் செலவையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

தளிர்நிலம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எரிந்த நாளின் வெளியேற்றத்தைவிடப் பிறகு நடக்கும் மட்குதலும் மறுவளர்ச்சியும்தான் கணக்கின் பெரும்பகுதி என்பது இப்போது விளங்குகிறது. இதிலிருந்து இன்னொரு கேள்வி எழுகிறது. 100 முதல் 300 ஆண்டுக்கு ஒருமுறை எரிந்து, 100 ஆண்டுக்குள் பெரும்பாலும் மீண்டுவிடும் காடு என்றால், நீண்ட கால நோக்கில் தீயினால் இழப்பே இல்லை என்று எழுதலாமா? காலநிலை மாறிவரும் இந்நாளில் அந்த முடிவு பொருந்துமா? மேலும், இந்த விடைகளை எல்லாப் பைன் காடுகளுக்கும் பொதுவாகக் கொள்ளலாமா?

தீவடு (மறுமொழி)

பொதுவாகக் கொள்ள முடியாது. இன்றைய யெல்லோஸ்டோனுக்கே அந்த முடிவைத் தயக்கமின்றிப் பொருத்த முடியாது. ஊசியிலை அவர்கள் முடிவில் சொன்ன நிபந்தனையைத் திரும்பப் படியுங்கள். தீகளுக்கு இடைப்பட்ட காலம் மீளும் காலத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். அந்த நிபந்தனை உடைந்தால் என்ன நடக்கும் என்பதை 2016-ஆம் ஆண்டு நமக்குக் காட்டியது.

அவ்வாண்டில் யெல்லோஸ்டோனின் மேற்குப் பகுதியில் மேப்பிள் தீயும், தெற்கே கிராண்ட் டீட்டன் பகுதியில் பெர்ரி தீயும் மூண்டன. எரிந்தவற்றில் 1988-லும் 2000-லும் எரிந்து மறுபடி முளைத்த இளங்காடுகளும் இருந்தன. 28 வயதும் 16 வயதும் மட்டுமே ஆன மரங்கள். இளங்காடு எளிதில் எரியாது, பழைய தீயின் தழும்பே புதிய தீக்கு அரணாக இருக்கும் என்று நெடுங்காலமாக நம்பப்பட்டு வந்தது. ஆனால் அவை எரிந்தன. அதுவும் பல இடங்களில் முதல் தீயைவிடக் கடுமையாக எரிந்தன. நெருக்கமாக வளர்ந்த மெல்லிய தண்டுகளும், 1988-இல் இறந்து, பிறகு விழுந்து உலர்ந்து கிடந்த பழைய கட்டைகளும் சேர்ந்து எரிந்ததால், சில திட்டுகளில் நின்ற மரங்கள் ஏறக்குறைய முழுமையாகவே எரிந்துபோய், குட்டையான கரிக்கட்டைகள் மட்டும் எஞ்சின. முதுகாடு எரிந்தால் தண்டு நிற்கும் என்ற மேற்கண்ட விதி இங்கே செல்லவில்லை.

டர்னர் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, குறுகிய இடைவெளியில் இருமுறை எரிந்த இடங்களில் முளைத்த கன்றுகளின் அடர்த்தி, முதல் தீக்குப் பின் முளைத்ததில் ஆறில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. தரையில் கிடந்த பெரிய கட்டைகளின் எடை 65 விழுக்காடு குறைந்திருந்தது. தரைக்கு மேல் இருக்கும் கார்பன் பழைய நிலைக்குத் திரும்ப 150 ஆண்டுகளுக்கு மேல் தாமதமாகும் என்று அவர்களின் கணினி மாதிரிகள் காட்டின. காரணங்கள் இரண்டு திசையிலிருந்து வருகின்றன. இளமரங்களில் மூடிய கூம்புகள் போதிய அளவில் சேர்ந்திருக்காது. இருந்தவையும் அவ்வளவு கடுமையான சூட்டில் விதையோடு எரிந்துபோகும். மெதுவாக மட்கிக்கொண்டிருந்த பழைய கட்டைகளும் ஒரே நாளில் தீர்ந்துவிடுவதால், காலத்தை இழுத்துக் கொடுத்த அந்தச் சேமிப்பும் இல்லாமல் போகிறது. ஊசியிலை அவர்கள் காட்டுக்கு உதவி என்று குறிப்பிட்ட இரண்டுமே இங்கே ஒருசேரக் கைவிட்டுப் போகின்றன.

வெப்பம் இப்படியே உயர்ந்தால், யெல்லோஸ்டோன் பகுதியின் தீச்சுழற்சி, அதாவது அப்பரப்பு முழுவதும் ஒருமுறை எரிய ஆகும் காலம், இந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் 30 ஆண்டுக்கும் குறைவாகச் சுருங்கக்கூடும் என்று ஆந்தனி வெஸ்டர்லிங் முதலானோர் 2011-இல் எச்சரித்திருந்தார்கள். எரிவதற்கு எரிபொருளே போதாமல் போகும்போது அந்தச் சுருக்கம் ஓரளவுக்கு மேல் போக முடியாது. ஆனால் எரிபொருள் தீர்ந்துபோவது என்றால் கார்பன் தீர்ந்துபோவது என்றுதான் பொருள். அது எனக்கு ஆறுதல் தரும் செய்தியாகப் படவில்லை.

இனி மற்ற பைன் காடுகள். அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரைச் சுற்றியிருக்கும் பொண்டரோசா பைன் காடு, லாட்ஜ்போலுக்கு நேரெதிரான வாழ்க்கை முறை கொண்டது. பொண்டரோசா தடித்த பட்டையுள்ள மரம். அதன் ஆண்டு வளையங்களில் பதிந்திருக்கும் தீத்தழும்புகளைக் கணக்கிட்டால், ஐரோப்பியர் குடியேறுவதற்கு முன்பு ஓரிடத்தில் 2 முதல் 20 ஆண்டுக்கு ஒருமுறை தரைத்தீ வந்து போயிருக்கிறது. அந்தத் தீ புல்லையும் சருகையும் சிறு கன்றுகளையும் எரித்துவிட்டு, பெரிய மரங்களைத் தொடாமல் போகும். புல்லும் ஊசியிலையும் ஓரிரு ஆண்டுகளில் மறுபடி சேர்ந்துவிடும் என்பதால், அந்தத் தீயில் வெளியேறும் கார்பன் விரைவில் ஈடாகிவிடும்.

பிறகு கால்நடைகள் புல்லை மேய்ந்து தீர்த்தன. 1910-ஆம் ஆண்டில் இடாஹோவிலும் மொன்டானாவிலும் ஏற்பட்ட பெருந்தீக்குப் பின் எல்லாத் தீயையும் அணைப்பதே அரசின் கொள்கையாயிற்று. 1935 முதல், கண்ட தீயை மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும் என்று வனத்துறை விதி வகுத்தது. விளைவாக, விலகி நின்ற பெரிய மரங்களுக்கு இடையே மெல்லிய மரங்கள் நெருங்கி வளர்ந்து, சருகடுக்கு தடித்தது. அப்போது காட்டின் கார்பன் இருப்பு கூடியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கூடியதெல்லாம் தீயைத் தரையிலிருந்து உச்சிக்கு ஏற்றிவிடும் வடிவத்தில் கூடியது. 2002-இல் ரோடியோ–செடிஸ்கி தீ சுமார் 1.9 லட்சம் ஹெக்டேரையும், 2011-இல் வாலோ தீ சுமார் 2.2 லட்சம் ஹெக்டேரையும் எரித்தன. பொண்டரோசாவுக்கு மூடிய கூம்புகள் கிடையாது. அதன் விதை கனமானது. பிழைத்து நிற்கும் தாய்மரத்திலிருந்து ஒன்றிரண்டு நூறு மீட்டருக்கு அப்பால் அரிதாகவே விழும். பல கிலோமீட்டர் பரப்பில் எல்லா மரங்களும் இறந்துபோனால் நடுப்பகுதிக்கு விதை வந்து சேர வழியில்லை.

இதன் கார்பன் விளைவை ஃபிளாக்ஸ்டாஃப் அருகே 1996-இல் கடுமையாக எரிந்த ஓரிடத்தில், நிலத்துக்கும் காற்றுக்கும் இடையே கார்பன் டை ஆக்சைடின் போக்குவரவை அளக்கும் கருவிகளோடு கோபுரம் நிறுத்தி அளந்திருக்கிறார்கள். தீக்குப் பின் பத்தாண்டுகள் ஆகியும் அந்த இடம் புல்லும் புதருமாகவே இருந்தது. ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 110 கிராம் கார்பனை வெளியிட்டுக்கொண்டிருந்தது. அருகில் எரியாமல் நின்ற காடு அதே காலத்தில் சுமார் 160 கிராமை உறிஞ்சிக்கொண்டிருந்தது. வெளியிட்டதை மட்டும் எழுதினால் பாதி உண்மைதான் கிடைக்கும். உறிஞ்சியிருக்க வேண்டியதை உறிஞ்சாமல் விட்டதையும் சேர்த்தால் வேறுபாடு 270 கிராம். காடாகத் திரும்பாமல் புதர்நிலமாகவே நின்றுவிட்டால், அங்கே இழந்த கார்பனுக்கு மீளும் காலம் என்று ஒன்றைச் சொல்லவே முடியாது.

ஆகவே உங்கள் கட்டுரையில் எரிந்த பரப்பையும் புகையின் அளவையும் சொல்லிவிட்டு நிறுத்தாமல், அந்த இடத்தில் விதை இருந்ததா, அடுத்த தீ எப்போது வரும் என்ற இரண்டையும் முன்னே வையுங்கள். கார்பன் திரும்புமா திரும்பாதா என்பதை அவைதாம் தீர்மானிக்கின்றன.

கூம்புநிழல் (மறுமொழி)

தீவடு அவர்களின் விளக்கத்தைப் படித்தபின் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பொண்டரோசா காடுகளில் நெருக்கத்தைக் குறைக்க மரங்களை வெட்டி, பிறகு கட்டுப்பாடாகத் தீ வைக்கிறார்கள். அந்த வேலையே கார்பனை வெளியேற்றுகிறதே. கணக்கில் அது இலாபமா? மேலும், நம் நாட்டில் உத்தராகண்டின் சிர் பைன் காடுகள் ஆண்டுதோறும் எரிகின்றன. அவற்றை இந்த இரண்டில் எந்த வகையில் சேர்ப்பது?

தீவடு (மறுமொழி)

முதல் கேள்வியில் ஆய்வாளர்கள் இன்னும் உடன்படவில்லை. வெட்டி அகற்றும் கார்பன் உறுதியான செலவு. தவிர்க்கப்படும் கடும் தீயோ ஒரு வாய்ப்பு மட்டுமே. சீர்செய்த பரப்புக்குள் அதன் பலன் நீடிக்கும் ஆண்டுகளில் தீ வராமலே போகலாம். எனவே பெரிய பரப்பில் கூட்டிப் பார்த்தால் இலாபம் மிஞ்சாது என்று ஒரு தரப்பார் வாதிடுகிறார்கள். மெல்லிய மரங்களை நீக்கினால் எஞ்சிய கார்பன் பெரிய, தடித்த பட்டையுள்ள மரங்களில் பாதுகாப்பாக நிற்கும். அவை பிழைத்தால் விதையும் பிழைக்கும் என்று மறு தரப்பார் சொல்கிறார்கள். காடு புதராக மாறிவிடும் ஆபத்து உள்ள இடங்களில் நான் இரண்டாம் தரப்பின் பக்கம் நிற்கிறேன், ஏனெனில் புகையின் அளவை மட்டும் ஒப்பிடும் கணக்கில் அந்த நிரந்தர இழப்பு இடம்பெறுவதில்லை. லாட்ஜ்போல் காட்டுக்கு இந்த முறை பொருந்தாது. அதன் இயல்பே எப்போதோ ஒருமுறை முழுதாக எரிவதுதான்.

சிர் பைன் பொண்டரோசாவுக்கு நெருக்கமானது. இமயத்தின் தாழ்ந்த மலைச்சரிவுகளில், பெரும்பாலும் 500 முதல் 2,000 மீட்டர் உயரத்துக்குள் வளரும் இம்மரமும் தடித்த பட்டை கொண்டது. கோடையில் அது உதிர்க்கும் ஊசியிலைகளை அங்குள்ளவர்கள் பிருல் என்கிறார்கள். மழைக்கு முந்தைய மாதங்களில் அந்தப் பிருல்தான் எரிகிறது. பெரும்பாலும் தரைத்தீ என்பதால் தண்டுகளில் இருக்கும் கார்பன் தப்பிவிடுகிறது. யெல்லோஸ்டோனின் எண்களை அங்கே பொருத்திப் பெருக்கினால் மிகப் பெரிய பிழை நேரும்.

அங்கே கவலைப்பட வேண்டியவை வேறு. பிசினுக்காகப் பட்டையைச் செதுக்கிய மரங்களில், பிசின் வழியும் அந்தக் காயத்தின் வழியாகத் தீ கட்டைக்குள் புகுந்து அரிக்கும். சில தீகளுக்குப் பின் அத்தகைய மரம் காற்றில் முறிந்து விழும். ஆண்டுதோறும் எரியும் சரிவுகளில் கன்றுகள் பட்டை தடிக்கும் வயதை எட்டுவதில்லை. முதிய மரங்கள் விழும்போது அவற்றின் இடத்தை எடுத்துக்கொள்ள இளமரம் இருக்காது. மேலடுக்கு மறுபடி மறுபடி எரிந்துவிடுவதால் செங்குத்தான சரிவில் மழைக்கு மண்ணும் கரியும் சேர்ந்தே ஓடைக்குப் போய்விடும். பிருலைத் திரட்டி எரிபொருளாக்கும் முயற்சிகளுக்கு உத்தராகண்ட் அரசு ஊக்கம் அளித்துவருவது எரிபொருளைக் குறைக்கும் நோக்கில் நல்லதே. ஆனால் எல்லா ஊசியையும் அகற்றிவிட்டால் மண்ணுக்குப் போக வேண்டிய மட்கும் போய்விடும் என்பதால், குடியிருப்புகளையும் பாதைகளையும் ஒட்டிய குறுகிய நிலப்பகுதிகளில் அதைத் திரட்டி, உட்பகுதியில் ஓரளவு விட்டுவைப்பது பொருத்தமாக இருக்கும்.

தளிர்நிலம், நீங்கள் சிர் காட்டைப் பற்றியும் ஒரு பகுதி எழுதுவதாக இருந்தால், ஆண்டுக்கு எத்தனை ஹெக்டேர் எரிந்தது என்ற அரசு எண்ணோடு தொடங்காதீர்கள். அதே சரிவு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எரிகிறது, செதுக்கிய மரங்கள் எத்தனை விழுந்தன, தீயைத் தாங்கும் அளவுக்குப் பட்டை தடித்த இளமரங்கள் ஹெக்டேருக்கு எத்தனை நிற்கின்றன என்று கள ஆய்வுகளில் தேடுங்கள்.